மாசறு கண்: றஸ்கினின் சித்திரக் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சித்திரம் வரைய இயலாதவரைக் குறித்து உலக வழக்கு ஒரு தீர்ப்பை எளிதிற் கூறிவிடும். "கை வராது" என்பதே அத்தீர்ப்பு. எழுத்தறியாத மாணாக்கனைப் பார்த்து அவனுக்கு எழுத்து வாராது என எவரும் முடிவுகட்டுவதில்லை. கற்பித்தது போதாது என்றே கூறுவர். கணக்கிற் பிழை விடுபவனுக்கு மேலும் பயிற்சி வேண்டும் என்பர். சித்திரம் ஒன்றில் மட்டும், இருமுறை கோணலாக வரைந்த பிள்ளை பிறவியிலே அப்பேறு வாய்க்காதவன் என ஒதுக்கப்பட்டுப் பின்னர் வாழ்நாள் முழுவதும் வரைதற் பொருட்டுப் பென்சிலைத் தொடாதவனாகி விடுகின்றான். இத்தீர்ப்பு மெய்யாயின் பாடசாலைகளிற் சித்திரம் கற்பித்தல் வீண்முயற்சியாகும். பொய்யாயின், எண்ணிறந்த பிள்ளைகள் தமக்குரிய ஓர் அறிவை வீணே இழந்தனர் என்பது பெறப்படும். ஆதலின், வரையுங்காற் பிழைப்பது கையா, கண்ணா என்னும் வினா ஓவியரை மட்டுஞ் சார்ந்ததன்று, கல்வியையுஞ் சார்ந்ததாகும்.

இவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடையிறுத்தவர் ஆங்கில நாட்டுக் கலைத் திறனாய்வாளராகிய ஜோன் றஸ்கின் (1819–1900). 1854 ஆம் ஆண்டில் எவ். டி. மொறிஸ் முதலியோர் இலண்டன் மாநகரில் தொழிலாளர் கல்லூரியை நிறுவியபோது, றஸ்கின் அங்குச் சித்திர வகுப்பை நடத்த முன்வந்தார். பகல் முழுவதும் உழைத்து மாலையில் வரும் தச்சரும் பிற கைவினைஞருமே அவருடைய மாணாக்கர். அவ்வகுப்பிற் பயின்ற ஜோர்ஜ் அலன் என்னுந் தச்சுத் தொழிலாளி பிற்காலத்தில் செதுக்கோவியராகவும், றஸ்கினுடைய நூல்களை வெளியிடும் பதிப்பாளராகவும் உயர்ந்தார். எனினும் மாணாக்கரை அவ்வாறு உயர்த்துவது றஸ்கினுடைய நோக்கமன்று. 1857 ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழுவொன்றின் முன் சாட்சியளித்தபோது, தச்சனை ஓவியனாக்குவதற்கு அன்றி, அவன் தச்சனாகவே மேலும் இன்புற்று வாழ்தற்கே தாம் முயல்வதாக அவர் எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே 'த எலிமென்ற்ஸ் ஒஃப் ட்ரோயிங்' என்பது. சித்திரத்தின் அடிப்படைகள் எனத் தமிழிற் கூறத்தக்க அந்நூல், தொடக்க மாணாக்கருக்கு எழுதிய மூன்று கடிதங்களாக அமைந்தது. அக்காலத்தில் ஹென்றி கோல் என்பாரின் தலைமையில், சவுத் கென்சிங்ரனை நடுவாகக் கொண்டு, அரசாங்கச் சித்திரப் பாடசாலைகள் இயங்கின. அச்சிட்ட மாதிரிகளைத் துல்லியமான கோடுகளாற் படியெடுப்பதே அவற்றின் முதற் பாடம்; ஆலைப் பொருள்களுக்கு அழகுவடிவம் அமைப்போரை ஆக்குவதே அவற்றின் பயன். கையைப் பழக்கினாற் போதும் என்பது அம்முறையின் உட்கிடை. றஸ்கின் இதனை மறுத்தார். இயற்கையைப் பார்க்கக் கற்பிப்பது சித்திரம் வரைவதற்காக அன்று. சித்திரம் வரையக் கற்பிப்பதே இயற்கையைப் பார்ப்பதற்காக என்பது அவர் கொள்கை. பார்வை செம்மையுற்றாற் கை தானே பின்தொடரும் என்பது அவர் துணிபு.

இத்துணிபுக்கு அடிநிலையாக உள்ளது, முதற் கடிதத்தின் அடிக்குறிப்பொன்றில் அவர் கூறிய 'மாசறு கண்' என்னும் கருத்தாகும். மனிதர் காண்பன யாவும் உண்மையிற் பல்வேறு நிறத் திட்டுகளே. அத்திட்டுகளை இன்ன பொருள் என்று அறிவது அனுபவத்தின் விளைவு. அவ்வறிவு வந்தபின், கண் எதிரேயுள்ள நிறத்தைக் காணாது, மனம் முன்னமே அறிந்ததையே காண்கின்றது. புல் பச்சை என்பது எவரும் அறிந்த செய்தி. ஆயின் வெயில் படும் புற்றரை ஒரு கோணத்திலிருந்து நோக்குவார்க்கு மஞ்சளாகவே தோன்றும். வரையப் புகுவோன் தான் அறிந்த பச்சையை இடுகின்றான். தோன்றும் மஞ்சளை இடுவதில்லை. இவ்வறிவைக் களைந்து, பிறவிக் குருடன் ஒருவன் திடீரெனப் பார்வை பெற்றாற்போல உலகைக் காணவல்லவனே ஓவியன் என்பது றஸ்கினின் முடிபு. பிரெஞ்சு ஓவியராகிய கிளோட் மொனே, தாம் குருடராய்ப் பிறந்து பின்னர்ப் பார்வை பெற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என விரும்பியதாக அவரோடு பழகியோர் எழுதிய குறிப்பும் இங்கு நினைக்கத்தக்கது.

கொள்கை எத்தன்மைத்தாயினும், அதனைக் கைக்கொள்ள றஸ்கின் வகுத்த பயிற்சிகள் மிகவும் நுட்பமானவை. முதலில், பேனாவாற் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டு ஒரு சிறு சதுரத்தை ஒரே சீரான நிழலால் நிரப்பவேண்டும். பின்னர் அந்நிழலை இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாகத் தணித்தல் வேண்டும். அதன்பின் வழியிற் கிடக்கும் உருண்டைக் கல்லொன்றை எடுத்துப் பலகணியோரத்தில் வைத்து வரைதல் வேண்டும். கல்லைச் சுற்றிக் கோடென்று ஒன்றில்லை. ஒரு நிறத்திட்டு மற்றொரு நிறத்திட்டைச் சந்திக்கும் எல்லையே உண்டு. இதனை உணர்ந்து ஒரு கல்லை வரையக் கற்றவன் வேறெதனையும் வரையக் கற்பான் என்பது அவர் நம்பிக்கை. நிறத்தை ஒப்பிடுவதற்கோ வெள்ளை அட்டையிற் பட்டாணியளவான துளையிட்டு அதனூடே பார்க்கச் சொல்கின்றார். துளையினுள்ளே மரமோ மதிலோ தெரிவதில்லை. நிறம் ஒன்றே தெரிகின்றது. பெயர் மறைந்தவிடத்து நிறம் வெளிப்படுகின்றது.

இவையெல்லாவற்றினுஞ் சிறந்தது இலையுதிர்ந்த மரத்தை வரையும் பயிற்சியாகும். வானத்தை எதிராகக் கொண்டு நிற்கும் கிளைகளை நாட்டுப்படத்திலுள்ள ஆறுகளைப் போலக் கருதி வரைக என்கின்றார். அதனோடு அமையாது, கிளைகளுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களைப் பெரிய வழக்கொன்றிற்காக அளந்து படமெடுக்கவேண்டிய காணித் துண்டுகள் போல மதித்துச் சரிபார்க்கச் சொல்கின்றார். காணி வழக்கின் அருமையை அறிந்தோர்க்கு இவ்வுவமையின் ஆற்றலை விளக்கவேண்டுவதில்லை. கிளை எப்படியிருக்கும் என்பதைப் பற்றி மனத்தில் முன்முடிபுகள் பல உண்டு. வெற்றிடத்தைப் பற்றி எவருக்கும் முன்முடிபு இல்லை. ஆதலின் அங்குக் கண் ஏமாறுவது அரிது.

கண்ணே பிழைக்கின்றது என்னுங் கூற்றுக்குப் பிற்கால உளநூலார் அளித்த சான்றுகள் பல. 1931 ஆம் ஆண்டில் றொபேட் தவுலெஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், சாய்த்துவைத்த வட்டத்தட்டைக் காட்டி, அது கண்ணுக்குத் தோன்றும் நீள்வட்டத்தைக் குறிக்குமாறு பலரைக் கேட்டார். அவர்கள் குறித்தவை கண்ணில் விழும் நீள்வட்டமும் அல்ல, தட்டின் மெய்யான வட்டமும் அல்ல. இரண்டிற்கும் இடைப்பட்ட வடிவங்களே. தட்டு வட்டம் என்னும் அறிவு, தோற்றத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டது. குடத்தை வரையும் பிள்ளை அதன் வாயை வேண்டியதினும் வட்டமாகவும், அடியை நேர்கோடாகவும் வரைவதன் காரணம் இதனாற் புலப்படும். குடத்தின் வாய் வட்டம் என்பதும், அது பலகைமேல் தட்டையாய் அமர்ந்திருக்கின்றது என்பதும் அப்பிள்ளை அறிந்தவை. அறிந்ததனை அவன் செம்மையாகவே வரைந்திருக்கின்றான், கை பிழைக்கவில்லை. 1997 ஆம் ஆண்டில் கோகன், பெனற் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வரைதற் பிழைகளின் காரணங்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தபோது, கையின் திறமைக்குறைவு தலையாய காரணமன்று, பொருளைப் பிறழக் காண்டலே தலையாய காரணம் என்னும் முடிவுக்கே வந்தனர்.

இதனை எவரும் ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டு சோதித்தறியலாம். கண்ணாடிமுன் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதில் தோன்றும் தலையின் சுற்றுவரையைக் கண்ணாடியின்மீதே சவர்க்காரத் துண்டினால் வரைந்து அளந்தால், அது மெய்யான தலையிற் சரிபாதியளவே இருக்கும். நாள்தோறும் கண்ணாடி பார்ப்போர் எவரும் தாம் பாதித் தலையைக் காண்பதாக உணர்வதில்லை. அளந்து காட்டிய பின்னும் நம்ப மறுப்போர் உளர்.

1979 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியையாகிய பெற்றி எட்வேட்ஸ் வெளியிட்ட நூல், இப்பயிற்சி நெறியைப் பெருவழக்காக்கிற்று. பிக்காசோ 1920 ஆம் ஆண்டில் வரைந்த ஸ்ராவின்ஸ்கியின் உருவப்படத்தைத் தலைகீழாக வைத்துப் படியெடுக்குமாறு அவர் மாணாக்கரை ஏவினார். நேராக வைத்தபோது மூக்கு, கை, கதிரை எனப் பெயரிட்டு வரைந்து பிழைத்தவர்கள், தலைகீழாக வைத்தபோது கோட்டையும் கோணத்தையுமே கண்டு செம்மையாக வரைந்தனர். இடைவெளிகளை வரையும் பயிற்சியும் அந்நூலில் உண்டு. 122 ஆண்டுகளுக்கு முன்னர் றஸ்கின் காணித் துண்டுகள் என்றதும் இதுவே. மூளையின் இடப்பாகம் பெயரிடுவது, வலப்பாகம் உருவைக் காண்பது என்று எட்வேட்ஸ் கூறிய விளக்கத்தை இன்றைய மூளையியலார் மிகையான எளிமைப்படுத்தல் என்பர். விளக்கம் தளர்ந்தது, பயிற்சியோ தளரவில்லை. றஸ்கினுடைய கொள்கையையும் இவ்வாறே விளக்கம் வேறு, பயிற்சி வேறு எனப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

அங்ஙனம் பிரித்து நோக்கியவருள் தலைசிறந்தவர் வியன்னாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஈ. எச். கொம்பிறிச். 1956 ஆம் ஆண்டில் வாஷிங்ரனில் அவர் ஆற்றிய விரிவுரைகள் 1960 இல் 'ஆர்ட் அன்ட் இலூஷன்' என்னும் நூலாக வெளிவந்தன. மாசறு கண் என்பது ஒரு கட்டுக்கதை என்பது அவர் வாதம். எதனையும் எதிர்பாராத கண் எதனையுங் காணாது. ஓவியன் வெறுங்கண்ணோடு தொடங்குவதில்லை. தான் கற்ற மாதிரி வடிவமொன்றோடு தொடங்குகின்றான். அதனை வரைந்து, பொருளோடு ஒப்பிட்டு, மாறுபட்டவிடத்துத் திருத்துகின்றான். ஆக்கல் முன், ஒப்பிடல் பின் என்பதே ஓவிய வரலாறு.

இதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று காண்டாமிருகத்தின் கதை. 1515 ஆம் ஆண்டில் லிஸ்பன் நகருக்கு வந்த காண்டாமிருகத்தை ஜேர்மானிய ஓவியராகிய டியூரர் நேரிற் கண்டவரல்லர். கைக்கெட்டிய வருணனையையும் படத்தையுங் கொண்டு, போர்க்கவசம் பூண்டது போலவும் முதுகில் ஒரு சிறு கொம்புடையதாகவும் அவர் மரச்செதுக்குப் படம் அமைத்தார். அதன்பின் ஐரோப்பியர் அவ்விலங்கைப் பல தலைமுறைக்கு அக்கவசத்தோடே கண்டனர். 1790 இல் ஜேம்ஸ் புரூஸ் என்னும் யாத்திரிகர் டியூரரின் படத்தைக் குறைகூறித் தாம் நேரிற் கண்டு வரைந்ததாக ஒரு படத்தை வெளியிட்டார். அதிலும் டியூரரின் கவசத்தின் சாயல் நீங்கவில்லை. நேரிற் காண்டல் மட்டும் பார்வையை விடுதலை செய்யாது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே வேளை, கற்ற மாதிரி எப்போதுந் தளையாவதும் இல்லை. 1821, 1822 ஆம் ஆண்டுகளில் ஹம்ஸ்ரெட் குன்றிலிருந்து வானத்தை ஓயாது நோக்கி முகில்களை வரைந்தவர் ஆங்கில ஓவியராகிய ஜோன் கொன்ஸ்டபிள். இயற்கையையன்றி வேறு ஆசிரியரை வேண்டாதவர் என எண்ணத்தக்க அவரே, அலெக்சாந்தர் கொசன்ஸ் வகுத்த முகில் வகைகளை ஒவ்வொன்றாகத் தம் கையாற் படியெடுத்திருக்கின்றார். வகைகளை அறிந்தமையால் வானம் அவருக்கு மறையவில்லை. வகைக்குள் அடங்காத வேறுபாடுகளும் தெரிந்தன.

கொம்பிறிச்சின் மறுப்பு வலிமையுடையது. எனினும் அதற்குரிய விடை றஸ்கினுடைய நூலிலேயே பொதிந்து கிடக்கின்றது என்பதைத் திறனாய்வாளர் பலர் கருத்திற் கொள்வதில்லை. முதற் கடிதத்தில் அறிவைக் களைக என்றவர், இரண்டாங் கடிதத்தில் வேறொரு பாடங் கூறுகின்றார். எவ்வுருவை நோக்கினும் அதன் முதன்மைக் கோடுகளைத் தேடுக. அதன் சென்ற காலத்தை ஆண்டவையும் வருங்காலத்தை ஆளப்போகின்றவையுமான கோடுகள் அவையே என்பது அப்பாடம். மரம் எப்படி வளர்ந்தது, மலை எப்படித் தேய்ந்தது, முகில் எத்திசையிற் செல்கின்றது என்பனவற்றை அறிந்தவனே அக்கோடுகளைக் காண்பான். பிறவிக் குருடன் திடீரெனப் பார்வை பெற்றால் அவனுக்கு நிறத்திட்டுகள் தெரியலாம். மரத்தின் சென்ற காலம் தெரியாது. ஆகவே றஸ்கின் கற்பித்த பார்வை அறிவற்ற பார்வையன்று. தாம் கற்பித்தது யாது என்பதை அவருடைய அடிக்குறிப்பினும் அவருடைய பயிற்சிகளே செவ்வனே எடுத்துரைக்கின்றன.

இம்முரண்பாட்டை நீக்கும் வழி, அறிவை இருவகையாகப் பகுத்துக் காண்பதாகும். ஒன்று பெயரளவில் முடியும் அறிவு. மற்றொன்று வினாவாகத் தொடங்கும் அறிவு. மனித முகத்தை முதன்முறை வரைவோர் பெரும்பாலும் கண்களைத் தலையின் மேற்பகுதியில் அமைத்துவிடுவர். முகத்தின் செய்தி முழுவதும் கண், மூக்கு, வாய் என்பவற்றிலே அடங்கியிருத்தலால், நெற்றியும் மயிரும் அவர்தம் மனத்திற் சுருங்கிவிடுகின்றன. உண்மையிற் கண்கள் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவே உள்ளன. இதனைப் பன்முறை 'உற்றுப் பார்' என்று சொல்லியும் காணாத மாணாக்கன், 'உச்சியிலிருந்து கண்வரை எவ்வளவு, கண்ணிலிருந்து மோவாய்வரை எவ்வளவு?' என்று கேட்டுப் பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து அளக்கச் செய்தவுடனே கண்டுகொள்கின்றான். இங்குப் பிழையை விளைத்ததும் அறிவு. அதனைத் திருத்தியதும் அறிவே. முன்னையது 'இது முகம்' என்று கூறி அமைந்துவிட்டது. பின்னையது 'எவ்வளவு, எங்கே, எக்கோணத்தில்?' என்று வினவிற்று. கண்ணின் மாசு அறிவு அன்று; வினவுதல் ஒழிந்த அறிவே மாசு. துளையிட்ட அட்டை, வெற்றிடக் காணிகள், தலைகீழ்ப் படம் என்பனவெல்லாம் அறிவை அழிக்கும் கருவிகள் அல்ல. ஓய்ந்துபோன அறிவை மீண்டும் வினவச் செய்யும் கருவிகள். கோடு என்பது பொருளைப் பார்த்துக் கேட்கும் வினா. அழிப்பதும் திருத்துவதும் விடையைக் கேட்டல்.

கீழைத்தேயக் கலைநெறியை இவ்விடத்து ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். 1877 ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, றஸ்கின், வில்லியம் மொறிஸ் என்போரின் கருத்துகளில் ஊறியவராகவே தம் கலையாராய்ச்சியைத் தொடங்கினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் வெளிவந்த அவர் நூல், மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சேறிற்று. ஆயினும் 1934 இல் வெளியிட்ட 'த ட்ரான்ஸ்போமேஷன் ஒஃப் நேச்சர் இன் ஆர்ட்' என்னும் நூலில் அவர் காட்டிய நெறி வேறு. சுக்கிரநீதிசாரம் முதலிய நூல்களின்படி படிமம் சமைப்போன் முதலில் தியானத்தில் வல்லவனாதல் வேண்டும். உருவை அகத்தே கண்ட பின்னரே புறத்தே அமைத்தல் வேண்டும். காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திர நாடகத்தில், மாளவிகையின் படத்தை முன்னர்க் கண்ட அரசன், அவளை நேரிற் கண்டபோது படம் அவளழகுக்குக் குறைந்ததென உணர்கின்றான். அவன் ஓவியனுடைய கையைப் பழிக்கவில்லை. சமாதி தளர்ந்ததே குறைக்குக் காரணம் என்கின்றான். 'சிதில சமாதி' என்னும் அத்தொடரைக் குமாரசுவாமி கலைக்கொள்கையின் ஒரு திறவுகோலாக எடுத்து விளக்குகின்றார்.

இவ்விரு நெறிகளும் ஒன்றே எனல் பொருந்தாது. தெய்வப் படிமத்தைச் சமைப்போனுக்குப் பலகணியோரத்தில் வைத்துப் பார்க்கத்தக்க மாதிரியில்லை. கல்லை வரையும் மாணாக்கனுக்கு அது உண்டு. ஒருவன் அகத்தே நோக்குகின்றான்; மற்றவன் புறத்தே நோக்குகின்றான். ஆயினும் ஓவியத்தின் குற்றத்தைக் கையில் வைக்காது நோக்கின் தளர்ச்சியில் வைத்தமையில் இருநெறியாரும் ஒருமைப்படுகின்றனர். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள்வினைஞர்' என வழங்குவதும் எண்ணத்தக்கது. கைவினையைப் போற்றுதற்குக் கையைக் கூறாது கண்ணைக் கூறியது அவ்வழக்கு.

இவற்றாற் பெறப்படுவது யாது? கைக்குப் பயிற்சி வேண்டாம் என்பதன்று. சதுரத்தை நிழலால் நிரப்பும் பயிற்சியை முதலில் வைத்தவர் றஸ்கினே. கையின் பிழை கண்டவிடத்தெல்லாம் கண்ணின் பிழையையும் தேடவேண்டும் என்பதே பெறப்படுவது. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த பூச்சாடியை நாற்பது பிள்ளைகளும் படியெடுக்கும் வகுப்பில், பிள்ளைகள் பூச்சாடியைக் காண்பதில்லை. ஆசிரியரின் கோட்டையே காண்கின்றனர். அவ்வகுப்பிற் சிறந்து விளங்குபவன் சித்திரம் வல்லவன் என்றோ, பின்தங்குபவன் கைவராதவன் என்றோ கூறுதற்கு அடிப்படை ஒன்றுமில்லை. ஒரு கல்லையோ குடத்தையோ பிள்ளையின் முன்வைத்து, அதன் வாயகலம் எவ்வளவு, வாய் திறந்திருக்கும் உயரம் எவ்வளவு என வினவும் ஆசிரியர், அவனுக்குச் சித்திரத்தோடு மற்றொன்றையுங் கற்பிக்கின்றார். தான் அறிந்ததாக எண்ணியது வேறு, கண்முன் இருப்பது வேறு என்பதை ஒருமுறை தன் கண்ணாலே கண்ட பிள்ளை, பிறரைப் பற்றியும் உலகைப் பற்றியும் கேட்டறிந்த முடிபுகளையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கும் வழக்கத்தைப் பெறக்கூடும்.

தச்சன் தச்சனாகவே இன்புற்று வாழவேண்டும் என்று றஸ்கின் விரும்பியதன் பொருளும் இதுவாதல் வேண்டும். ஓவியராவோர் சிலரே, பார்க்கவேண்டியவரோ அனைவரும். "கை வராது" என்னுந் தீர்ப்பைப் பெற்ற பிள்ளை இழப்பது ஒரு பாடத்தின் புள்ளிகளை மட்டுமன்று; தன் கண்ணைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமையையும் இழக்கின்றான். அத்தீர்ப்பைக் கூறுமுன், அவன் வரைந்ததை ஒருகாலும், அவன் கண்டதை இருகாலும் ஆராய்தல் ஆசிரியர் கடனாகும்.